டெரெக் என்று ஒருவர் இல்லை

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. நாடாவில் பூஞ்சை. போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரெக்கார்டரும் இல்லை. அட்டையில் நீல மையில் தம்பியின் கையெழுத்து: "டெரெக்". அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் ஏணியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தேழு வயதில் ஏணியில் உட்காருவது நல்லதல்ல என்று மருமகள் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினேன்.

எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். பொன்மலை காலனியில் அந்தக் காலத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கார்டு அங்கிள் இருந்தார். அவர் வீட்டில் ஒரு டிரம் செட். என் தம்பி பத்து வயதிலிருந்து அந்த வீட்டு வாசலிலேதான் கிடந்தான். என்னைவிட நாலு வயது இளையவன். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது, கை மட்டும் நிற்கவே இல்லை. சாப்பாட்டுத் தட்டு, தண்ணீர்க் குடம், என் பாடக்குறிப்பு நோட்டின் அட்டை, எது கிடைத்தாலும் விரல் தாளம் போடும். 1981-ல் எனக்கு ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் இடைநிலை ஆசிரியர் வேலை கிடைத்தது. அதே வருடம் அவனுக்கு ஒரு மெல்லிசைக் குழுவில் இடம் கிடைத்தது. கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, விடிய விடிய ஊர் ஊராக அலைச்சல். அப்பாவுக்கு என் வேலையில் பெருமை, அவன் வேலையில் வெட்கம்.

இந்தக் கேசட்டை அவனுக்குப் பதிவு செய்து கொடுத்தவர் அந்த அங்கிள்தான். 1983 என்று நினைவு. ராத்திரி நான் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பேன், அவன் அதைத் திரும்பத் திரும்பப் போடுவான். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"யாருடா இந்த டெரெக்? இப்படிக் கத்துறாரு?"

"டெரெக்னு யாருமே இல்லக்கா. பாடுறது எரிக் கிளாப்டன். பேரை மறைச்சுக்கிட்டு ஒரு வருசம் வாசிச்சிருக்காரு."

"திருடனா? பேரை எதுக்கு மறைக்கணும்?"

சிரித்தான். "பின்பாதியைக் கேளு. ஒரு பியானோ வரும். அத வாசிக்கிறது யாரு தெரியுமா? டிரம்மர்க்கா! டிரம்மர்!" உலகத்தில் இருக்கும் எல்லா டிரம்மர்களுக்கும் அன்று மரியாதை கிடைத்துவிட்ட மாதிரி சொன்னான்.

நான் அப்போது இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. ஓய்வு பெற்று, கையில் ஸ்மார்ட்போன் வந்த பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

எரிக் கிளாப்டன் 1945-ல் இங்கிலாந்தின் ரிப்ளி என்ற ஊரில் பிறந்தவர். அம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். அவர்களையே அப்பா அம்மா என்றும், பெற்றவளை அக்கா என்றும் நினைத்து வளர்ந்த பிள்ளை, ஒன்பது வயதில்தான் உண்மையைத் தெரிந்துகொண்டது. வளர்ந்து கிட்டார் எடுத்தார். இருபது வயது தாண்டியபோது லண்டனில் ஒரு சுவரில் "கிளாப்டன்தான் கடவுள்" என்று யாரோ எழுதிவைத்தார்கள். பிறகு 'கிரீம்' என்ற குழு, அது உடைந்ததும் 1969-ல் 'பிளைண்ட் ஃபெயித்'. இரண்டிலும் கூட்டம் தாங்கவில்லை. ஆனால் வருகிற கூட்டம் பாட்டுக்கு வருகிறதா, சுவரில் எழுதிய பெயருக்கு வருகிறதா என்ற குழப்பம் அவருக்கு வந்திருக்க வேண்டும். பிளைண்ட் ஃபெயித்தின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் முன்னால் வாசிக்க வந்த டிலானி - பானி தம்பதியின் குழுவைப் பார்த்து மயங்கிவிட்டார். தன் குழுவை விட்டுவிட்டு அவர்களோடு ஓரமாக நின்று கிட்டார் வாசிக்கப் போய்விட்டார்!

அந்தக் குழுவிலிருந்து வந்த மூன்று பேர்தான் டெரெக்கின் ஆட்கள். ஆர்கனும் பாட்டும் பாபி விட்லாக், பேஸ் கிட்டார் கார்ல் ரேடில், டிரம்ஸ் ஜிம் கோர்டன். 1970 ஜூனில் லண்டன் லைசியம் அரங்கில் முதல் கச்சேரி. 'டெரெக் அண்ட் தி டாமினோஸ்' என்ற பெயர் எப்படி வந்தது என்பதற்கு அவர்களே ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எப்படியோ, கிளாப்டன் என்ற பெயர் அதில் இல்லை. பெரிய அரங்குகளை நிரப்பியவர் இங்கிலாந்தின் சின்னச் சின்ன கிளப்புகளில் போய் வாசித்தார்.

முப்பத்தைந்து வருடம் வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டவள் நான். ஒரு பிள்ளையின் பெயரைத் தவறிப்போய் விட்டுவிட்டால் அதன் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். பெயரைத் தானே தூக்கிப்போட ஒருவர் ஆசைப்பட்டார் என்பதைப் படித்தபோது, அது எல்லாம் நிறைய வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற ஆசை என்று தோன்றியது. இன்னும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் மயாமிக்குப் போனார்கள். கிரைடீரியா ஸ்டுடியோ. தயாரிப்பாளர் டாம் டவுட். இவர் இளம் வயதில் அணுகுண்டு ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்தவர் என்பது என் மாதிரி பழைய டீச்சருக்கு ருசியான துணுக்கு. டவுட் அப்போது ஆல்மன் பிரதர்ஸ் என்ற இன்னொரு குழுவுக்கும் தயாரிப்பாளர். அவர்கள் கச்சேரி மயாமி பீச்சில் நடந்தது. டாமினோஸ் எல்லோரும் போய் மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்த டுவேன் ஆல்மன் கண்ணைத் திறந்து கிளாப்டனைப் பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டதாம். அன்றிரவே ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தார்கள். மாத்திரைக் கண்ணாடிப் புட்டியை விரலில் மாட்டிக்கொண்டு கம்பியில் வழுக்கி வாசிப்பவர் டுவேன். இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று விடாமல் துரத்துகிற அந்தச் சத்தம்தான் நான் "கத்துறாரு" என்று சொன்னது.

பாட்டின் பெயர் லைலா. நமக்குத் தெரிந்த லைலா - மஜ்னு லைலாதான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிஜாமி பாரசீகத்தில் எழுதிய காவியத்தை ஒரு நண்பர் கிளாப்டனுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் அப்போது தன் நெருங்கிய நண்பர் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்ட் மீது பைத்தியமாக இருந்தார். பீட்டில்ஸ் ஹாரிசனேதான். ஆக அவள் பெயரையும் மறைத்தாயிற்று. இந்த விஷயத்தில் கிளாப்டனுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. நண்பன் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் செய்கிற வேலையா அது? ஆனால் பாட்டு பாட்டுதான்.

அந்தப் பாட்டு ஏழு நிமிடம். பாதியில் கிட்டார்கள் ஓய்ந்து ஒரு பியானோ வருகிறது. தம்பி சொன்ன பியானோ. கோர்டன் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து அந்த மெட்டை வாசித்துக்கொண்டிருந்ததைக் கிளாப்டன் கேட்டுவிட்டு, பாட்டின் பின்னால் சேர்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். முதல் பாதி எடுத்துச் சில வாரம் கழித்து இதை எடுத்து ஒட்டினார்கள். அதனால்தான் பாட்டின் ஆசிரியர்கள் கிளாப்டன், கோர்டன் என்று இரண்டு பெயர்கள்.

மூன்றாவது ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்கிறார் பாடகி ரீட்டா கூலிட்ஜ். கோர்டனின் அன்றைய காதலி. 'டைம்' என்று தானும் கோர்டனும் சேர்ந்து ஒரு பாட்டு கட்டியதாகவும், கிளாப்டனுக்கு வாசித்துக் காட்டியதாகவும், பிறகு ஒருநாள் லைலாவைக் கேட்டபோது தன் மெட்டு அதில் இருந்ததாகவும் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். 1973-ல் அவர் அக்கா பிரிசில்லாவின் இசைத்தட்டில் அந்த 'டைம்' வந்தது. கேட்டுப் பாருங்கள், தீர்ப்பு உங்களுடையது. கூடவே வாசித்த விட்லாக்கே ரீட்டா சொல்வதுதான் சரி என்றார். ரீட்டாவின் பெயர் இன்றுவரை சேரவில்லை.

இசைத்தட்டு 1970 நவம்பரில் வந்தது. இரட்டைத் தட்டு. அட்டையில் ஒரு பெண்ணின் ஓவியம் மட்டும். குழுவின் பெயரும் இல்லை, தொகுப்பின் பெயரும் இல்லை. கடையில் வாங்க வருகிறவன் என்ன கேட்டு வாங்குவான்? "டெரெக் என்றால் எரிக்தான்" என்று அச்சடித்த பேட்ஜுகளைக் கம்பெனிக்காரர்கள் விநியோகிக்க வேண்டியதாயிற்று. அப்படியும் இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலிலேயே ஏறவில்லை. பெயரை மறைக்க ஆசைப்பட்டவருக்கு, மறைந்ததும் மனசு உடைந்துபோனது. அதற்குள் குழு முழுக்க ஹெராயினும் கொக்கெயினும் புகுந்துவிட்டன. 1971 வசந்த காலத்தில் லண்டனில் இரண்டாவது தொகுப்புக்கு உட்கார்ந்தார்கள். கிளாப்டனுக்கும் கோர்டனுக்கும் சண்டை. மே மாதத்தோடு கதை முடிந்தது. மொத்தம் ஒரு வருடம்கூட நிறையவில்லை. 1972-ல் லைலா மறுபடி வெளிவந்து இங்கிலாந்தில் 7-ம் இடம், அமெரிக்காவில் 10-ம் இடம் என்று ஏறியபோது ஏற்றிக் கொண்டாட டெரெக்கும் இல்லை, டாமினோஸும் இல்லை. டுவேன் ஆல்மன் 1971 அக்டோபரிலேயே மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். இருபத்து நாலு வயது. கார்ல் ரேடில் 1980-ல், முப்பத்தேழு வயதில்.

கோர்டனைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அவரைச் சொல்வதற்கு முன் தம்பியைச் சொல்ல வேண்டும்.

1985 சித்திரையில் மணப்பாறைப் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரி. பாட்டு நடுவில் தம்பி குச்சியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் திரும்பி யாரிடமோ சண்டை போட்டிருக்கிறான். பின்னால் யாரும் இல்லை. குழுக்காரர்கள் விடியற்காலையில் கொண்டுவந்து வீட்டில் விட்டுப்போனார்கள். "தாளத்தைத் தப்பாச் சொல்லிக்கிட்டே இருக்கான்க்கா" என்றான் என்னிடம். "யாருடா?" என்றேன். "தெரியலக்கா. குரல் மட்டும் கேக்குது."

கச்சேரி முடிந்தால் அவன் குடிப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் காரணம் தேட யாரும் சிரமப்படவில்லை. அப்பா பெல்ட்டை எடுத்தார். அம்மா தாயத்து கட்டினாள். ஒரு மண்டலம் குணசீலத்தில் போய் இருந்தோம். அந்த 48 நாள் அவன் கொஞ்சம் தூங்கினான், பெருமாளுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். திரும்பி வந்ததும் குரலும் வந்துவிட்டது. குடியை நிறுத்த வைக்கும் இடம் ஒன்றில் மூன்று மாதம் விட்டோம். குரல் கேட்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறான், குடி இறங்கும்போது அப்படித்தான் இருக்கும் என்றார்களாம். குடிக்காமல் எட்டு மாதம் ஆனபோதும் குரல் இருந்தது.

நான் என்ன செய்தேன்? வகுப்பில் செய்வதைத்தான் செய்தேன். "ஒழுங்கா எந்திரிச்சு, குளிச்சு, ஒரு வேலைக்குப் போனா எந்தக் குரலும் கேக்காது" என்றேன். ஒருமுறை அல்ல, நாலு வருடம். டிரம்ஸ் குச்சிகளை அடுப்பில் போட்டதும் நான்தான். அப்பா போட்டதாகத்தான் அவன் ரொம்ப நாள் நினைத்திருந்தான். 1989-ல் என் சக ஆசிரியை ஒருத்தியின் வற்புறுத்தலில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மனச்சிதைவு நோய் என்று அவர் அரை மணி நேரத்தில் சொன்னார். "எத்தனை வருசமாம்மா இப்படி?" என்று கேட்டார். "நாலு" என்றேன். "நீங்க டீச்சர்னு சொன்னீங்க?" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது கோர்டன். பதினேழு வயதில் எவர்லி பிரதர்ஸோடு வாசிக்கக் கிளம்பியவர். பீச் பாய்ஸ், ஜார்ஜ் ஹாரிசன், கார்லி சைமன் என்று அந்தக் காலத்து இசைத்தட்டுகளில் பாதிக்கு அவர் கைதான் தாளம். அவருக்கும் குரல்கள் கேட்டன. முக்கியமாக அவர் அம்மாவின் குரல். சாப்பிடாதே என்னும், வாசிக்காதே என்னும். ரீட்டாவோடு சேர்ந்து அந்த மெட்டைக் கட்டியவர், 1970 சுற்றுப்பயணத்தில் ஓர் ஓட்டலின் நடையில் திடீரென்று ரீட்டாவின் முகத்தில் குத்தினார். காதல் அதோடு முடிந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் எல்லோருமே ஏதாவது ஒரு போதையில் இருந்தார்கள். பிறகு மருத்துவர்களிடம் போனபோதும் குடிக்குத்தான் வைத்தியம் நடந்தது, குரல்களுக்கு நடக்கவில்லை. 1983 ஜூன் 3-ம் தேதி அவர் தன் அம்மாவைக் கொன்றுவிட்டார். பிடித்த பிறகுதான் மனச்சிதைவு என்று கண்டுபிடித்தார்கள். நோய் இருந்ததை நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனாலும் அப்போது மாறியிருந்த கலிபோர்னியா சட்டப்படி அது அவரைக் காப்பாற்றவில்லை. 16 வருடம் முதல் ஆயுள் வரை தண்டனை.

தேதியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் தம்பி அந்தப் பியானோவைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்த அதே வருடம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படிக் கதை கேட்டுவிட்டு இந்த நோய் வந்தவர்களைக் கண்டு ஒதுங்காதீர்கள். என் தம்பி இந்த நாற்பது வருடத்தில் ஒருவரையும் கை நீட்டியதில்லை. அடி வாங்கியவன் அவன்தான். கோர்டனுக்கு நடந்தது அபூர்வம். சரியான நேரத்தில் மாத்திரை இல்லாமல் போவதுதான் அபூர்வம் இல்லை.

1993-ல் ஒரு கூத்து நடந்தது. கிளாப்டன் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக லைலாவை நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பாடியிருந்தார். அதற்குச் சிறந்த ராக் பாடல் என்று கிராமி விருது. பாட்டை எழுதியவர்களுக்குத் தரும் விருது என்பதால் கிளாப்டனோடு கோர்டனுக்கும் சேர்த்துத்தான். கோர்டன் சிறையில். வேடிக்கை என்னவென்றால், அந்த மெதுவான லைலாவில் தம்பி சொன்ன அந்தப் பியானோப் பகுதியே கிடையாது. கோர்டனின் பகுதியை முழுக்க வெட்டிவிட்டுப் பாடிய பாட்டுக்குக் கோர்டனுக்கு விருது. பெயர் இருக்கிறது, வாசிப்பு இல்லை. ரீட்டாவுக்கு வாசிப்பு இருக்கிறது, பெயர் இல்லை. பெயரை மறைத்தவர் மட்டும் பெயரோடு சௌக்கியமாக இருக்கிறார். அவர் ஹெராயினிலிருந்தும் குடியிலிருந்தும் மீண்டு வந்த பாடு பெரியது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் விட்லாக்கும் போனபின் டாமினோஸில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

2023 மார்ச்சில் கோர்டன் இறந்த செய்தி என் போனில் வந்தது. எழுபத்தேழு வயது, சிறை மருத்துவமனையில். தம்பிக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் புழுங்கினேன். கொலை விஷயம் அவனுக்குத் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேலாக என்னோடு இருக்கிறான், அதை நான் கேட்டதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன்.

"ஜிம் கோர்டன் போயிட்டாருக்கா" என்றான். எதிர்வீட்டுப் பையன் போனில் பார்த்திருக்கிறான்.

"உனக்கு அவரு கதை தெரியுமாடா?"

"தெரியும். கார்டு அங்கிள் அப்பவே சொன்னாரு. பேப்பர்ல வந்துச்சாம்." மாத்திரையை விழுங்கினான். "அதனாலதான் குரல் வந்தப்ப நான் ஒன்கிட்ட ஒடனே சொன்னேன். அம்மாவுக்கு ஏதும் ஆயிடக் கூடாதுன்னு."

நான் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் சொன்ன அந்த விடியற்காலையில் நான் அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுத மாட்டேன்.

"அவங்க அம்மா பேரு என்னக்கா?" என்று கேட்டான். போனில் தேடினேன். எல்லாச் செய்தியிலும் மகன் பெயர்தான் பெரிதாக இருந்தது. ஓர் இடத்தில் இருந்தது. ஓசா மேரி கோர்டன்.

"ஓசாவா?" என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். "ஓசை மாதிரி இருக்கு." படுத்துக்கொண்டான்.

டிரம்ஸ் குச்சி விஷயத்தை மறுநாள் காலையில் சொன்னேன். தெரியும் என்றான். எப்போதிலிருந்து என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பால் வாங்கப் போய்விட்டான்.

போன வாரம் ஏணியிலிருந்து இறங்கி, கேசட்டை அவன் கையில் கொடுத்தேன். இப்போது அறுபத்து மூன்று வயது, கையில் மாத்திரையின் நடுக்கம் கொஞ்சம் உண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். லொடலொடவென்று தளர்ந்து தொங்கிய நாடாவை ஊதினான். இந்தப் பாட்டு எல்லாம் போனிலேயே இருக்குடா, போட்டுத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"பென்சில் இருக்காக்கா?"

டீச்சர் வீட்டில் பென்சிலுக்கா பஞ்சம். எடுத்துக் கொடுத்தேன். பல்சக்கரத்தில் பென்சிலைச் சொருகி, நாடா அறுந்துவிடாமல் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தான்.